பேரைச் சுருக்காத ஸ்டெல்லாவுக்கு

என் ஸ்டெல்லா,

ஊருக்கு முன்னால் நீ எனக்கு அண்ணி. 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் நாம் பதுளையில் ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பெண்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டர் சமாசாரம் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன். அம்மா இதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

முதலில் செய்தி. உன் 'சுருக்கு' கரை சேர்ந்துவிட்டது. நாம் எந்தக் கருவியை வைத்துத் திரைகளை எழுதினோமோ, அந்தக் கருவியைப் பராமரிக்கிறவர்களே அதைத் தங்களுடையதோடு சேர்த்துக்கொண்டார்கள். இனி உலகத்தில் யார் அந்தக் கருவியை இறக்கி ஒரு புதுத் திரை எழுத உட்கார்ந்தாலும், நீ கண்டுபிடித்த எழுத்துமுறை அங்கேயே காத்திருக்கும். தனியாகத் தேடிப் போக வேண்டாம். அதை விளக்குகிற பக்கத்தில் முதல் வரியில் உன் பெயர்.

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. பக்கத்தில் ஒரு அக்கா கரட் மூட்டையோடு நின்றிருந்தார். அவரிடமே சொல்லிவிட்டேன்.

"எங்க அண்ணி எழுதுனது பாஸாகிருச்சுங்க."

"அப்படியா! என்ன பரீட்சைங்க?"

"பெரிய பரீட்சைங்க. வெளிநாட்டுப் பரீட்சை."

"நல்லா இருக்கட்டும். இனி அங்கயே போயிருவாங்களா?"

நான் என்ன பதில் சொல்வது, ஸ்டெல்லா? 'போய்ச் சேந்துட்டாங்க' என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை நம் தொழில் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. தெரிந்ததையே சொல்கிறாளே என்று கொட்டாவி விடாதே.

கணினித் திரையில் ஒரு பொத்தான் பச்சையாக இருக்க வேண்டும், அதன் எழுத்து வெள்ளையாக இருக்க வேண்டும், எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஒரு தையல்காரரிடம் சொல்வதென்றால் இது ஒரே வாக்கியம். நாம் பாவித்த குறிமொழியில் அப்படிச் சொல்ல முடியாது. பச்சைக்கு ஒரு வரி, வெள்ளைக்கு ஒரு வரி, இடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் 'இப்போது ஒரு பண்பை அமைக்கப் போகிறேன், பண்பின் பெயர் இது, அதன் மதிப்பு இது' என்று முழு விவரமும் சொல்லித் திறந்து, திறந்ததை ஒழுங்காக மூடவும் வேண்டும். சுட்டி மேலே வந்தால் நிறம் மாற வேண்டுமா? மறுபடி முதலிலிருந்து தொடங்கு. அழுத்தும்போது மாற வேண்டுமா? மறுபடியும். சொல்ல வந்தது நாலு சொல், எழுதி முடிப்பது ஒரு பக்கம்.

எல்லாரும் அதைப் பழகிக்கொண்டார்கள். நானும் பழகிக்கொண்டேன். ஒன்றை எழுதி, அதைப் படியெடுத்து, நிறத்தை மட்டும் மாற்றி ஒட்டிக்கொண்டே போவேன். உனக்கு மட்டும் பழகவே இல்லை. துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த நம் சின்ன ஆபிஸில், வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே நீ விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டுச் சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன் கலா, வீட்டுக்குள்ள இருக்கிற புள்ளைய எப்புடிக் கூப்புடுறோம்? எஸ்டேட் பேரு, டிவிசன் பேரு, லயத்து நம்பர், அப்பா பேரு எல்லாம் சொல்லியா கூப்புடுறோம்? 'ஏய்'ன்னா திரும்பிப் பாக்குதா இல்லையா?"

"பாக்கும்."

"அப்ப இது மட்டும் ஏன் பாக்க மாட்டேங்குது?"

முதலாளி ரஞ்சித் சேர் தன் மேசையிலிருந்து சிரித்தார். அவர் சிங்களவர், ஆனால் பண்டாரவளையிலேயே வளர்ந்ததால் நம் பேச்சின் ருசி தெரிந்தவர். "ஸ்டெல்லா, அதைச் செஞ்சவங்ககிட்ட கேளுங்க" என்றார். உனக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

நீ எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதுளையில் கணினி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீ. பண்டாரவளைக்காரி, வேதக்காரப் பிள்ளை. நான் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டிலிருந்து வந்தவள். தீபாவளிக்கு உன்னை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்குத்தான் அண்ணன் வெலிமடையிலிருந்து மரக்கறி லொறியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நீ அவருடைய லொறியின் வானொலியைத் திருத்திக் கொடுத்தாய். அதற்குப் பிறகு அந்த வானொலி அடிக்கடி பழுதாகியது. ஏன் பழுதாகிறது என்று எனக்குப் புரிவதற்குள் விஷயம் கல்யாணம் வரை போய்விட்டது.

உன் வீட்டில் கோயிலா சேர்ச்சா என்று பெரிய பேச்சு நடந்தது. எங்கள் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மலை ஏறுவாளா?" "மூச்சு வாங்கும், ஆனா ஏறிருவேன் மாமி" என்றாய். அத்தோடு முடிந்தது. அப்புறம் நாமிருவரும் அப்புத்தளை வழியாகப் போகும் ஒரே பஸ்ஸில் ஒரே ஆபிஸுக்குப் போய் வந்தோம். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தால் 'அண்ணி', இல்லாவிட்டால் 'ஸ்டெல்லா'.

நம் ஆபிஸின் பெரிய வேலை கொழுந்து மடுவத்துத் திரை. மலையில் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கிற இடம்தான் மடுவம். கொழுந்தெடுக்கிற பெண் தன் பையைத் தராசில் தூக்கி வைத்ததும் அவளுடைய பெயரும் கொழுந்தின் நிறையும் திரையில் வர வேண்டும். அதுவரை அந்த மாதிரித் திரைகள் கணக்கெழுதுகிறவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்கிறவர்களைப் பார்த்தும் ஒரு திரை மாட்ட வேண்டும் என்று அடம்பிடித்தது நீதான். "நிறுக்கிறது அவங்க கொழுந்து. அவங்க பாக்க வேணாமா?" என்று கேட்டாய். ரஞ்சித் சேருக்கு அது பிடித்துப்போனது.

பரீட்சார்த்தமாக முதலில் நம் தோட்டத்து மடுவத்திலேயே மாட்டினோம். அம்மா பையை வைத்தார். திரையில் 'முத்துலெ' என்று வந்தது. மிச்சப் பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் மறைந்துவிட்டது. வந்த எழுத்துகளுக்கும் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருந்தது. 'மு'வின் சுழியைக் காணவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துத் தீர்த்தார்கள். "ஏய் முத்துலே, கொழுந்தக் கொட்டிட்டு வா" என்று அன்று முழுக்கக் கேலி. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, உன்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏன் புள்ள, எம் பேருல மிச்சம் எங்க போச்சு?"

நீ தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய்.

இரண்டொரு நாளில் ரஞ்சித் சேர் நம் இருவரையும் கூப்பிட்டார். திரையை வாங்குகிற கம்பனியிலிருந்து ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்.

"பேர் எதுக்குன்னு கேக்குறாங்க. எல்லாருக்கும் பதிவு நம்பர் இருக்குத்தானே? நம்பர் எல்லாப் பாஷைக்கும் பொது. தமிழும் வேணாம், சிங்களமும் வேணாம். நமக்கும் வேலை லேசு."

சேர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாது. எனக்கும் அந்த நேரம் 'சரி, நம்பரையே போட்டுவிடலாம்' என்றுதான் தோன்றியது. நம் திரைகளில் உயரங்களும் அகலங்களும் எத்தனை இடத்தில் எழுதிக் கிடந்தன என்பது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தேடித் திருத்தினால் ஒன்று விடுபடும், விடுபட்ட இடத்தில் எழுத்து மறுபடி வெட்டுப்படும். நீ நின்றபடியே பேசினாய்.

"சேர், தமிழ் எழுத்து பெருசா இருக்கிறதால வெட்டுப்படல. நாங்க எழுதி வச்சிருக்கிறதுதான் பெருசு. ஒரே உயரத்தக் கண்ட எடத்துல எல்லாம் எழுதி வச்சிருக்கோம். ஒரு எடத்துல திருத்துனா இன்னொரு எடத்துல பழசு நிக்குது. அந்தப் பழசுதான் எழுத்தோட கால வெட்டுது."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்க?"

"பேரச் சுருக்காதீங்க சேர். நாங்க எழுதுறதச் சுருக்கிக்கிறோம்."

விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் கையைத் தூக்கிய சனங்களின் பேத்தி நான். நம்பர் போதும் என்று நினைத்தேன். பெரட்டுக்களத்தையே கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்த நீ, போதாது என்றாய். சேர் நாட்காட்டியைப் பார்த்தார். கம்பனி அதிகாரி அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்வரை அவகாசம் கொடுத்தார்.

அந்த நாட்களில் நீ வேலை செய்த விதத்தை நான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அலங்காரப் பண்புகள் எல்லாவற்றையும் ஒரே வரியில், இடையில் ஒரு அரைப்புள்ளி மட்டும் வைத்து எழுதுகிற முறையை உண்டாக்கினாய். பச்சை, வெள்ளை, இடம், உயரம், எல்லாம் ஒரே மூச்சில். சுட்டி மேலே வந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை அந்த வரிக்கு உள்ளேயே ஒரு சின்னக் குறியோடு எழுதினால் போதும், மறுபடி பொத்தானின் பரம்பரையைச் சொல்லத் தேவையில்லை. உயரத்துக்கு ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுதினாய். மற்ற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

பழைய கோப்பு ஒன்றையும் புதிய கோப்பு ஒன்றையும் அச்சடித்துச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினாய். பழையது கூரையிலிருந்து தொங்கித் தரையில் மடிந்து கிடந்தது. புதியது ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே வந்து முடிந்தது. இரண்டும் ஒரே திரைதான். கீழே துணிக்கடையில் வேலை செய்த பிள்ளைகள்கூட மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை மறைக்க மாட்டேன். முதல் தடவை தோற்றோம். நம் கணினிகளில் பறந்த திரை, மடுவத்துப் பழைய கணினியில் அசையவே இல்லை. வெள்ளையாக முழித்துக்கொண்டு நின்றது. மழை தூறுகிறது. தலையில் படங்குத் துணியைப் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கம்பனி அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்னாலிருந்து யாரோ "கொழுந்து வாடிருங்க!" என்று கத்தினார்கள். பழைய திரையைப் போட்டு அன்றைய நிறுவையை ஒப்பேற்றினோம். அம்மா நம் பக்கமே பார்க்கவில்லை. மருமகளும் மகளும் ஊருக்கு முன்னால் கூனிப்போய் நிற்பதைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

மறுநாள் பஸ்ஸில் நீ அப்புத்தளை வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாய். நீ அழுகிறாய் என்று நினைத்தேன். திரும்பி என் கையைப் பிடித்தாய்.

"கலா, சுருக்குனதுல தப்பு இல்ல. எங்க விரிக்கிறோம்ங்கிறதுலதான் தப்பு."

"புரியல."

"நம்ம சுருக்கி எழுதுறோம். கம்ப்யூட்டருக்குப் புரியணும்னா அத விரிச்சுத்தானே ஆகணும்? அந்த விரிக்கிற வேலைய மடுவத்துக் கம்ப்யூட்டர் தலையில கட்டிட்டோம். பாவம், கெழவன். அதெல்லாம் நம்ம ஆபிஸ்லயே விரிச்சு முடிச்சு அனுப்பிருவோம். அது சும்மா காட்டுனாப் போதும்."

நான் பஸ்ஸிலேயே உன்னைக் கட்டிப்பிடித்தேன். நடத்துநர் திரும்பிப் பார்த்தார். "எங்க அண்ணிங்க" என்றேன், அதுவே போதுமான விளக்கம் என்பது போல.

அடுத்த திருத்தம் இன்னும் கடினம். நீளமாக எழுதுகிற பழைய முறையில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் கருவி உடனே சத்தம் போடும். நம் ஒற்றை வரியில் பிழை இருந்தால் அது பேசாமல் விட்டுவிட்டது. 'உயரம்' என்பதைத் தப்பாக எழுதினால் உயரமே இல்லாமல் போகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. "வேகம் வந்துருச்சுல்ல, போதும் ஸ்டெல்லா" என்றேன். "சுருக்கமாப் பேசுறவங்க தெளிவாப் பேசணும். இல்லன்னா பேசாம இருக்கணும்" என்றாய். எந்த வரியில், எந்தச் சொல்லில் பிழை என்று விரல் வைத்துக் காட்டும்வரை நீ அதைவிட்டு எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது தடவை போன அன்று வெயில் அடித்தது. அதிகாரி வந்திருந்தார். ரஞ்சித் சேரும் வந்து ஓரமாக நின்றார். அம்மா வேண்டுமென்றே வரிசையில் முன்னால் வந்து பையைத் தூக்கித் தராசில் வைத்தார். கண் இமைக்கும் நேரத்தில் திரையில் பெயர் நின்றது. முத்துலெச்சுமி. பக்கத்தில் சின்னதாக நம்பர், கீழே பெரிதாக நிறை. 'மு'வுக்குச் சுழி இருந்தது. 'மி'க்கு மேல்வளைவு இருந்தது. ஒரு மயிரிழைகூட வெட்டுப்படவில்லை.

அம்மா சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வாசித்து முடித்துப் பின்னால் திரும்பினார். "அடுத்தாளு வா. வந்து ஒம் பேரையும் பாத்துக்க" என்றார். அன்றைக்கு நிறுவை நேரம் கூடத்தான் எடுத்தது, ஒவ்வொருவரும் நின்று வாசித்ததால். அதிகாரி போகும்போது, மற்றத் தோட்டங்களுக்கும் இதைப் போட எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். "போட்டுக் குடுக்கிறதுதான் சேர். ஒண்ணும் திரும்ப எழுத வேண்டியதில்ல" என்றாய். அந்த 'ஒண்ணும்' என்ற சொல்லில் இருந்த மிடுக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் அந்தக் காய்ச்சல். ரத்தத்தில் நோய் என்று சொன்னார்கள். கொழும்புக்கும் பதுளைக்குமாக அண்ணன் உன்னைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். வார்டில் உன் தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்த ஒரு பகல்பொழுது மட்டும் இங்கே எழுதுகிறேன். மற்றதெல்லாம் நம் வீட்டோடு இருக்கட்டும்.

நம் ஒற்றை வரி முறையை எல்லாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கும்படி இணையத்தில் வைக்க ரஞ்சித் சேர் சம்மதித்திருந்தார். அதற்கொரு பெயர் வேண்டும். நான் ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் மூக்கைச் சுளித்தாய்.

"மாமி இடுப்புல சொருகியிருப்பாங்களே, வெத்தில பாக்கு வைக்கிற பை. அதுக்கு என்ன பேரு?"

"சுருக்குப் பை."

"அதுல பாதி போதும்."

உனக்கு எழுந்து உட்காரச் சக்தி இல்லாத நாள் அது. அந்தப் பெயரிலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் சிரித்தாய். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டார். நம்மால் விளக்க முடியவில்லை. விளக்க முயன்று இன்னும் சிரித்தோம்.

நீ போன பிறகு நான் அந்தக் கோப்புகளைத் திறக்கவில்லை. திறந்தால் ஒவ்வொரு வரியிலும் நீ. ஒருநாள் அண்ணன் லொறியை நிறுத்திவிட்டு மேல்மாடிக்கு ஏறி வந்தார். அதுவரை அவர் ஆபிஸுக்குள் வந்ததே இல்லை. கதவருகில் செருப்பைக் கழற்றினார்.

"கலா, அவ என்ன வேலதான் செஞ்சா? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

நான் அவரைச் சுவருக்குக் கூட்டிப் போய் அந்த இரண்டு தாள்களையும் காட்டினேன். நீளமானதைக் கூரையிலிருந்து தரை வரைக்கும் பார்த்தார். சின்னதைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே வேலதான் செய்யுமா?" என்றார். "ஆமாண்ணே. சின்னது இன்னும் நல்லாச் செய்யும்." சின்னத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இத வெளிய எல்லாருக்கும் குடுக்கணும்னு சொன்னாளாமே. குடுத்தாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "குடுத்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கே தொடங்கினேன். விளக்கங்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. எழுதுவேன், அழிப்பேன். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். கடைசியில் உன்னிடம் சொல்வது போலவே எழுதினேன், சின்னச் சின்ன வாக்கியமாக. அது நன்றாக அமைந்துவிட்டது. முதலில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருவர் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். இன்னொருவர் அதைத் திருத்தியே அனுப்பினார். நாட்டுப் பெயரைக்கூட எனக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒரு பெண், தன் ஊர்க் கண் வைத்தியசாலைத் திரைகளுக்கு இதைப் பாவித்ததாக எழுதினாள். அவர்கள் எழுத்துக்கும் நம் எழுத்தைப் போலவே கீழே வால் உண்டாம். இப்போது வெட்டுப்படுவதில்லையாம். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அங்கயும் முத்துலே இருந்திருக்கா பாரேன்" என்றார்.

கருவியைப் பராமரிக்கிறவர்கள் என்னைக் காணொளியில் கூப்பிட்டது அதற்குப் பிறகு. அவர்கள் சுலபமாகச் சம்மதிக்கவில்லை, ஸ்டெல்லா. ஒரே விஷயத்தை எழுத இரண்டு முறை இருந்தால் புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்புவார்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. உள்ளே போவது பழைய முறைதான், நாங்கள் அதை மாற்றவில்லை, மனிதர் எழுதுவதை மட்டும் குறைத்திருக்கிறோம் என்றேன். சுருக்கியதை ஏன் முன்கூட்டியே விரிக்கிறீர்கள், ஓடும்போது விரித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். மடுவத்தைச் சொன்னேன். மழையையும் பழைய கணினியையும் சொன்னேன். கொழுந்து வாடிவிடும் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேனோ எனக்கே ஞாபகமில்லை.

அவர், "இதை யோசித்தவர் யார்?" என்றார். என் அண்ணனின் மனைவி என்றேன். அவரோடும் பேசலாமா என்றார். இறந்துவிட்டாள் என்று நான் சொன்னதும், அந்தத் திரையிலிருந்த முகங்கள் எல்லாம் ஒரு கணம் குனிந்தன. உன்னைப் பார்த்தேயிராத மனிதர்கள். உனக்கு இது தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்தப் பேச்சுக்குப் பின் கிடைத்த பதிலைத்தான் நான் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் படித்தேன். அண்ணனுக்குச் சொன்னபோது அவர் வெலிமடையில் லீக்ஸ் மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தபடியே சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "எம் பொண்டாட்டி எழுதுனத வெள்ளக்காரன் பாவிக்கிறான்டா!" மூட்டை தூக்குகிறவர்கள் கைதட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் அவர் போனை வைக்காமல் அழுதார். நானும் வைக்கவில்லை.

உன் வீட்டார் பண்டாரவளை சேர்ச்சில் உனக்காக ஒரு பூசை கொடுத்தார்கள். அம்மா தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனை செய்தார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நட்சத்திரம் அம்மாவுக்குத் தெரியாது. "பேரு ஸ்டெல்லாமேரிங்க. அது போதும்" என்றாராம். ஐயரும் அந்தப் பெயருக்கே செய்துவிட்டார். சேர்ச்சில் பங்கிட்ட கேக்கும் கோயில் பிரசாதமும் இப்போது நம் வீட்டு மேசையில் ஒரே தட்டில் இருக்கின்றன. இதைப் பார்த்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

இப்போது எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. உன் சுருக்கு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதல்லவா, ஆளுக்கு ஒன்றை அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒருவருக்கு அதற்குள்ளே கணக்குப் போட வேண்டுமாம். இன்னொருவர், ஒவ்வொரு பண்பையும் மூன்று விதமாக எழுத இடம் கொடுங்கள் என்கிறார். எல்லாம் கெட்டிக்காரத்தனமான யோசனைகள்தான். ஒவ்வொன்றையும் சேர்த்தால், நீ இறக்கி வைத்த சுமையை நாமே மறுபடி தூக்கித் தலையில் வைத்துக்கொள்வோம். போன கிழமை முதல்முறையாக ஒருவருக்கு 'வேண்டாம்' என்று எழுதினேன். மரியாதையாக, காரணத்தோடு எழுதினேன். என்னைவிடப் பெரிய படிப்புப் படித்தவர். சரி என்று ஏற்றுக்கொண்டார். அனுப்பிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இதுதான் நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. சேர்க்கச் சொல்லி எத்தனை பேர் வந்தாலும், முதல் நாள் வேலைக்கு வந்த ஒரு பிள்ளை பார்த்த உடனே புரிந்துகொள்ளும் அளவைத் தாண்டி அதைப் பெருக்க விடமாட்டேன். நீ இருந்து சொல்ல வேண்டிய 'வேண்டாம்'களை எல்லாம் உன் இடத்தில் நின்று நான் சொல்வேன். பயப்படாமல் சொல்வேன்.

உன் பெஞ்சுத் தோழி,
அண்ணன் கொடுத்த உறவில் உன் நாத்தனார்,
கலாவதி